முழங்கால் மூட்டு மாற்றிய பிறகு

சென்ற சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்த நேரம். லேக் கார்டன்ஸிலிருந்து வரும் மாமி ஒருவர் என் கைத்தடியைப் பார்த்துவிட்டுப் பக்கத்து நாற்காலியில் வந்து அமர்ந்தார். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டனவாம். மூட்டை மாற்றிவிடலாம் என்று டாக்டர் சொல்கிறாராம். "மாமா, நீங்கதான் பண்ணிண்டிருக்கேளே, எத்தனை வருஷத்துக்கு கேரண்டி?" என்று கேட்டார்.

ஒரு நிமிடத்தில் பதில் சொல்லிவிடக் கூடிய கேள்வி அல்ல அது. எனக்கு வலது முழங்கால் 2013 டிசம்பரில் மாற்றப்பட்டது. ஒன்பது வருடம் கழித்து அதே மூட்டை எடுத்துவிட்டு வேறொன்று வைக்க வேண்டி வந்தது. நான் மருத்துவன் அல்லன். மத்திய அரசுத் தணிக்கைப் பிரிவில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன். ஆயினும் படுக்கையில் கிடந்த மாதங்களில் இந்த விஷயத்தைப் பற்றி நிறையப் படித்தேன், என் டாக்டரையும் நிறையக் கேள்வி கேட்டேன். அப்படி அறிந்துகொண்டதை மாமிக்கும் மற்ற அன்பர்களுக்கும் பயன்படுமே என்று இங்கே எழுதுகிறேன்.

மாற்றுவது எதை?

"முழங்காலை மாற்றுவது" என்று சொல்கிறோமே தவிர, முழங்கால் முழுவதையும் எடுத்துவிடுவதில்லை. தொடையெலும்பின் கீழ்முனையும் அதற்குக் கீழே உள்ள கால் எலும்பின் மேல்முனையும் சந்திக்கும் இடமே முழங்கால் மூட்டு. இரண்டு முனைகளின் மீதும் வழுவழுப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. வயது, உடற்பருமன், பழைய அடி, முடக்குவாதம் போன்ற காரணங்களால் இந்தப் போர்வை தேய்ந்து, எலும்போடு எலும்பு உரசும்போது வலி உண்டாகிறது. நம் நாட்டில் பலருக்கு உட்புறம் அதிகமாகத் தேய்ந்து கால் வில் போல் வளைந்துவிடுகிறது.

அறுவை சிகிச்சையில் தேய்ந்த பரப்பை ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் கனத்துக்குச் சீவி எடுக்கிறார்கள். தொடையெலும்பின் முனைக்குப் பெரும்பாலும் கோபால்ட்-குரோமியம் கலந்த உலோகத் தொப்பி; கீழ் எலும்பின் தலையில் ஒரு உலோகத் தட்டு; இரண்டுக்கும் நடுவே பாலிஎத்திலீன் என்னும் பிளாஸ்டிக் தகடு. உலோகத்தை எலும்போடு பிடிக்கவைப்பது எலும்பு சிமெண்ட். பசை மாதிரி ஒட்டுவதல்ல அது. கொத்தனார் கல்லுக்கும் சுவருக்கும் இடையில் கலவை நிரப்புவது போல, இடைவெளியில் புகுந்து இறுகிக்கொள்வது.

இந்த அமைப்பு ஒரே நாளில் வந்ததல்ல. இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி இடுப்பு மூட்டுக்கு முதலில் டெஃப்லானைப் பயன்படுத்தினார். அது சில வருடங்களிலேயே தேய்ந்து தோல்வியுற்றதால் 1962இல் பாலிஎத்திலீனுக்கு மாறினார். அவருடைய மருத்துவமனையில் பணிபுரிந்த கனடா நாட்டவரான ஃபிராங்க் கன்ஸ்டன் அதே உலோகம்-பிளாஸ்டிக் முறையை 1968இல் முழங்காலுக்குக் கொண்டுவந்தார். 1974இல் நியூயார்க்கில் ஜான் இன்சால், சித்தரஞ்சன் ரணாவத் என்ற இரு அறுவை மருத்துவர்களும் பீட்டர் வாக்கர் என்ற பொறியியல் வல்லுநரும் சேர்ந்து உருவாக்கிய மாதிரிதான் இன்று நமக்கு வைக்கப்படும் மூட்டுகளுக்கு முன்னோடி. ரணாவத் நம் இந்தியர்.

எத்தனை வருடம் உழைக்கும்?

மாமியின் கேள்விக்கு நேரடியான பதில் உண்டு. ஸ்வீடன் 1975லேயே மாற்று முழங்கால்களுக்கென்று தேசியப் பதிவேடு தொடங்கியது. பிறகு பல நாடுகள் அதைப் பின்பற்றின. ஆஸ்திரேலியா, ஃபின்லாந்து நாட்டுப் பதிவேடுகளை ஆராய்ந்து 2019இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. அதன்படி முழு மூட்டு மாற்றப்பட்ட 100 முழங்கால்களில் 15 வருடம் கழித்து 93, 20 வருடம் கழித்து 90, 25 வருடம் கழித்து 82 முழங்கால்கள் மறு அறுவை இல்லாமல் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் மாற்றும் பாதி மூட்டுக்கு இந்தக் கணக்கு 25 வருடத்தில் சுமார் 70.

நல்ல கணக்குதான். ஆனால் தணிக்கைக்காரனுக்கு எந்தக் கணக்கிலும் இரண்டு சந்தேகமாவது வரும். முதலாவது, பதிவேட்டில் "தோல்வி" என்று ஏறுவது மறு அறுவை நடந்தால் மட்டுமே. வலியோடு காலம் தள்ளுபவரும், உடல் நிலை காரணமாக இரண்டாம் அறுவை வேண்டாமென்று விட்டவரும் அந்த 82க்குள்தான் இருக்கிறார்கள். இரண்டாவது, இவை வெளிநாட்டுக் கால்கள். தரையில் சம்மணமிட்டுச் சாப்பிடுவதும், குந்தி உட்காருவதும் அவர்கள் வழக்கத்தில் இல்லை. நம் நாட்டில் இடுப்பு, முழங்கால் அறுவை மருத்துவர்களின் சங்கம் 2006இல் ஒரு பதிவேடு தொடங்கியது. ஆயினும் ஒவ்வொரு அறுவையும் சட்டப்படி அதில் பதிவாகிறது என்ற நிலை ஏற்படவில்லை.

வயதும் முக்கியம். 2017இல் அதே இதழில் வந்த பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 70 வயதுக்கு மேல் மாற்றிக்கொள்பவருக்கு வாழ்நாளில் மறு அறுவை தேவைப்படும் வாய்ப்பு சுமார் 5 சதவிகிதம். 50 வயதை ஒட்டி மாற்றிக்கொள்ளும் ஆண்களுக்கோ அது சுமார் 35 சதவிகிதம். அதே வயதுப் பெண்களுக்குச் சுமார் 20. இளையவர் அதிகம் நடக்கிறார், அதிக காலம் வாழ்கிறார். ஆகவே ஐம்பதில் அவசரப்படக் கூடாது. அதே சமயம் எழுபதில் "இன்னும் கொஞ்ச நாள்" என்று தள்ளிக்கொண்டே போவதும் சரியல்ல. வலிக்குப் பயந்து நடக்காமல் இருந்தால் தொடைத் தசை மெலிகிறது, கால் மடங்கிய நிலையில் இறுகுகிறது. அப்படி இறுகிய காலில் அறுவை செய்தால் பலனும் குறைவு.

நாடறிந்த ஓர் உதாரணம் சொல்லலாம். பிரதமராக இருந்த வாஜ்பாய் அவர்களுக்கு 2000 அக்டோபரில் இடது முழங்காலும் 2001 ஜூனில் வலது முழங்காலும் மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் மாற்றப்பட்டன. அறுவை செய்தவர் மேலே சொன்ன ரணாவத். இரண்டாவது அறுவை முடிந்து சில வாரங்களிலேயே, ஜூலை நடுவில், ஆக்ராவில் முஷாரஃபுடன் உச்சி மாநாட்டில் அமர்ந்தார். நம் நாட்டில் பலர் இந்தச் சிகிச்சையைப் பற்றிக் கேள்விப்பட்டதே அப்போதுதான். பிற்காலத்தில் அவரை வீட்டோடு இருத்தியது 2009இல் வந்த பக்கவாதம். முதுமையில் செய்துகொள்பவர்களில் பலருக்கு மூட்டைவிட மற்ற நோய்களே நடமாட்டத்தைத் தீர்மானிக்கின்றன என்பதையும் இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

தேய்வதும் தளர்வதும்

மாற்று மூட்டில் நாளடைவில் தேய்வது நடுவே உள்ள பிளாஸ்டிக் தகடு. தேயும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்கள் உதிர்கின்றன. உடம்பின் காவல் அணுக்கள் அவற்றைக் கிருமி என்று நினைத்து விழுங்குகின்றன. ஆனால் பிளாஸ்டிக்கை ஜீரணிக்க முடியாது. அந்தப் போராட்டத்தில் வெளிப்படும் ரசாயனங்கள் பக்கத்து எலும்பையே கரைத்துவிடுகின்றன. எலும்பு கரைந்தால் சிமெண்டின் பிடி விடுகிறது, மூட்டு தளர்கிறது. ஆரம்பத்தில் இது வலிக்காமலேயே நடக்கலாம். எக்ஸ்ரேயில்தான் தெரியும். "நன்றாகத்தானே நடக்கிறேன், டாக்டரிடம் எதற்கு?" என்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

பிளாஸ்டிக்கின் தரம் இப்போது முன்னேறியிருக்கிறது. முன்னாளில் காற்றுப்பட வைத்தே காமாக் கதிரால் கிருமி நீக்கம் செய்தார்கள். ஆக்சிஜன் பட்டு பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மை அடைந்தது. இந்தக் காரணம் தெரிந்த பிறகு அந்த முறை மாறியது. ஆயினும் 2022 பிப்ரவரியில் அமெரிக்காவின் எக்ஸாக்டெக் நிறுவனம், 2004 முதல் விற்ற முழங்கால் தகடுகளில் பெரும்பாலானவற்றின் உறை ஆக்சிஜனைச் சரிவரத் தடுக்கவில்லை என்று கூறித் திரும்பப் பெற நேர்ந்தது. ஏற்கெனவே காலுக்குள் இருப்பதை எப்படித் திரும்பப் பெறுவது? யாருக்கு எது வைக்கப்பட்டது என்ற விவரம் இருந்தால்தான் அவரை அழைத்து எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க முடியும். மூட்டுப் பெட்டியின் மீது கம்பெனி பெயர், மாதிரி, தொகுதி எண் அச்சிட்ட ஸ்டிக்கர்கள் இருக்கும். அதில் ஒன்றை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். வீட்டுப் பத்திரத்தைப் போல் பத்திரப்படுத்துங்கள்.

வலி முற்றிலும் போய்விடுமா?

பெரும்பாலோருக்குப் பழைய உரசல் வலி போய்விடுகிறது. எனக்கும் போயிற்று. மூன்றாம் மாதம் காளிகாட் மெட்ரோ நிலையத்தின் படிகளைக் கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்கினேன். ஆனால் ஐந்து பேரில் ஒருவருக்கு ஏதோ ஓரளவு வலியோ அதிருப்தியோ நீடிக்கிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. முதுகுத் தண்டிலிருந்தோ இடுப்பிலிருந்தோ வரும் வலியை முழங்கால் வலி என்று எண்ணி அறுவை செய்துகொண்டவர்களும் இவர்களில் உண்டு.

சில விஷயங்களைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. தழும்பின் வெளிப்புறம் ஓரிடத்தில் தோல் மரத்துப் போயிருக்கும். வெட்டும்போது சிறு நரம்பு அறுபடுவதே காரணம். நடக்கும்போது "க்ளிக்" என்று சத்தம் கேட்கலாம்; உலோகமும் பிளாஸ்டிக்கும் தட்டும் ஒலி அது. பல மாதங்கள் முழங்கால் சற்று வெதுவெதுப்பாகவே இருக்கும். விமான நிலையச் சோதனைக் கதவு ஒலிக்கும். காலைக் காட்டினால் விட்டுவிடுவார்கள்.

கால் மடங்குவது பொதுவாக 110 முதல் 120 டிகிரி வரை. நாற்காலிக்கும் மாடிப்படிக்கும் இது போதும். தரையில் குந்தி உட்கார இதைவிட அதிகம் மடங்க வேண்டும். எனவே மேற்கத்திய கழிப்பறை, பூஜைக்கு ஒரு உயரமான பலகை ஆகியவற்றுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. முதல் வாரங்களில் உடற்பயிற்சியை விட்டவர்களுக்கு மூட்டு இறுகிவிடும். அப்படி இறுகினால் மயக்கம் கொடுத்து மடக்கிவிடுவதுண்டு. அதையும் முதல் மூன்று மாதத்துக்குள் செய்தால்தான் நல்ல பலன் கிடைக்கிறது.

காலின் ஆழ்நரம்பில் ரத்தம் உறைவது இன்னோர் ஆபத்து. உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அதற்காகத்தான் அறுவைக்கு மறுநாளே, சில இடங்களில் அன்றைக்கே, எழுந்து நிற்க வைக்கிறார்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்தும் தருகிறார்கள். ஆடுதசையில் வீக்கமும் வலியும் கண்டாலோ, திடீரென்று மூச்சுத் திணறினாலோ காத்திருக்கக் கூடாது.

என் ஒன்பதாம் வருடம்

இப்போது என் தவறைச் சொல்கிறேன். 2022ஆம் வருடத்துப் பூஜை. அஷ்டமி இரவு பேரனுடன் கரியாஹாட் பக்கம் பந்தல் பார்க்கப் போனேன். புதுச் செருப்பு கடித்துக் கால் விரலில் சிறு புண். எனக்குச் சர்க்கரை வியாதி உண்டு. புண் சீழ் வைத்தது. பத்து நாளில் குளிர் ஜுரம் வந்தது, வலது முழங்கால் சிவந்து வீங்கியது. ஒன்பது வருடம் ஒரு தொந்தரவும் தராத மூட்டு. அதற்கும் விரல் புண்ணுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பல்வலிக்கு வாங்கி மிச்சம் இருந்த ஆன்டிபயாடிக் மாத்திரையை ஐந்து நாள் சாப்பிட்டேன். ஜுரம் இறங்கியது. வீக்கம் பாதி குறைந்தது. பனி ஆரம்பிக்கிறது, அதனால் வலிக்கிறது என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். டாக்டரிடம் போனது ஐந்து வாரம் கழித்து.

அவர் சொன்னது இது. மாற்று மூட்டில் ஆழமான கிருமித் தொற்று 100 பேரில் ஒருவர், இருவருக்கு ஏற்படுகிறது. அறுவை முடிந்த சில வாரங்களிலும் வரலாம். எத்தனை வருடம் கழித்தும் ரத்தத்தின் வழியாக வேறு இடத்திலிருந்து வந்து சேரலாம். உலோகத்துக்கு ரத்த ஓட்டம் கிடையாது. கிருமி அதன் மேல் ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றி ஒரு வழுவழுப்பான படலம் கட்டுகிறது. குளத்துப் படிக்கட்டில் பாசி படிவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். படிந்த பாசி தண்ணீர் ஊற்றினால் போகுமா? அந்தப் படலத்துக்குள் மருந்து எளிதில் நுழைவதில்லை. அறிகுறி தோன்றி சுமார் மூன்று வாரத்துக்குள் வந்தால், மூட்டைத் திறந்து கழுவி, பிளாஸ்டிக் தகட்டை மட்டும் மாற்றி, உலோகத்தைக் காப்பாற்றப் பலருக்கு முடிகிறது. நான் அந்தக் கெடுவைத் தாண்டிவிட்டேன்.

இன்னொரு கெடுதலையும் நானே தேடிக்கொண்டேன். ஊசியால் மூட்டு நீரை எடுத்துச் சோதித்தபோது வெள்ளணுக்கள் ஏராளமாக இருந்தன. கிருமி மட்டும் வளரவில்லை. அரைகுறையாகச் சாப்பிட்ட மாத்திரை அதை மறைத்துவிட்டது. எந்தக் கிருமி என்று தெரியாமல் எந்த மருந்து கொடுப்பது? இரண்டு வாரம் எந்த ஆன்டிபயாடிக்கும் இல்லாமல் காத்திருந்து மறுபடி நீர் எடுத்தார்கள். தோல் புண்களில் சாதாரணமாகக் காணப்படும் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்று தெரிந்தது.

2023 ஜனவரியில் மூட்டு முழுவதையும் எடுத்துவிட்டு, ஆன்டிபயாடிக் கலந்த சிமெண்டுக் கட்டியை அந்த இடத்தில் வைத்தார்கள். ஆறு வாரம் ஊசி வழியாக மருந்து. மடக்க முடியாத கால். குளியலறைக்குப் போகவும் மனைவியின் தோள் வேண்டும். அவளுக்கும் முழங்கால் வலி. ரத்தச் சோதனைகள் சரியான பிறகு ஏப்ரலில் நீண்ட தண்டு கொண்ட புது மூட்டு வைத்தார்கள். செலவு முதல் அறுவையைப்போல் இரு மடங்குக்கு மேல். இப்போது கால் 90 டிகிரி மடங்குகிறது. ரவீந்திர சரோவரை முழுச் சுற்று வந்தவன், பாதி தூரம் நடந்து பெஞ்சில் உட்கார்ந்து திரும்புகிறேன். மறு அறுவையில் வைக்கும் மூட்டு முதல் மூட்டைப் போல் அவ்வளவு காலம் நீடிப்பதில்லை என்பதையும் அறிந்துதான் நடக்கிறேன்.

மாற்றிக்கொண்டவர்கள் கவனத்துக்கு

ஒன்று: மூட்டு திடீரென்று வீங்கினாலும், சிவந்தாலும், ஜுரத்துடன் வலித்தாலும் ஓரிரு நாளில் அறுவை மருத்துவரைப் பாருங்கள். அவர் நீர் எடுத்துப் பார்க்கும் முன் எந்த ஆன்டிபயாடிக்கையும் தாமாகச் சாப்பிடாதீர்கள். மருந்துக் கடைக்காரர் கொடுத்தாலும் வேண்டாம்.

இரண்டு: கால் விரல் புண், பல் சீழ், சிறுநீர்த் தொற்று ஆகியவற்றை அற்பமாக எண்ணாதீர்கள். பல் வைத்தியத்துக்கு முன் எல்லோருக்கும் வழக்கமாக ஆன்டிபயாடிக் தேவையில்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2015இல் கூறியிருக்கிறது. ஆனால் சொத்தைப் பல்லைக் கவனிக்காமல் விடலாம் என்று அதற்குப் பொருளல்ல. உங்களுக்கு எது பொருந்தும் என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று: சர்க்கரையை அறுவைக்கு முன்பும் பின்பும் கட்டுக்குள் வையுங்கள். மூன்று மாதச் சராசரி அதிகமாக இருந்தால் அறுவையைத் தள்ளிப்போடுவதே நல்லது.

நான்கு: விழாதீர்கள். மாற்று மூட்டை ஒட்டி எலும்பு முறிந்தால் சேர்ப்பது கடினம். மழைக்காலத்தில் நம் பழைய வீடுகளின் சிவப்புச் சிமெண்டுத் தரையும், ஈரமான குளியலறையும் போதும் ஒருவரைத் தள்ள. கைப்பிடி போட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்து: வலி இல்லாவிட்டாலும் டாக்டர் சொல்லும் இடைவெளியில் எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய படங்களைத் தூக்கிப் போடாதீர்கள். ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தளர்ச்சி தெரியும்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் மூட்டுகளுக்கு உச்ச விலை விதித்தது. அதற்கு முன் சராசரியாக ரூ.1,58,324க்கு விற்ற கோபால்ட்-குரோமிய மூட்டு, வரி நீங்கலாக ரூ.54,720 ஆயிற்று. இது மூட்டின் விலை மட்டுமே. ஆஸ்பத்திரிச் செலவு தனி. பில்லில் மூட்டின் விலையைத் தனியே காட்டச் சொல்லிப் பாருங்கள்.

மாமிக்கு என் பதில் இதுதான். உங்கள் வயது 69. இரவில் வலியால் தூங்க முடியவில்லை, கோவிலுக்குப் போவதையும் நிறுத்திவிட்டேன் என்கிறீர்கள். கணக்குப்படி பார்த்தால் அந்த மூட்டு உங்கள் ஆயுளுக்கும் உழைக்கவே வாய்ப்பு அதிகம். செய்துகொள்ளுங்கள். ஆனால் இது கேரண்டி கார்டை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு மறந்துவிடுகிற சாமான் அல்ல. ஒன்பது வருடம் அப்படி மறந்திருந்தவன் சொல்கிறேன். முதலில் சர்க்கரைச் சோதனையும் பல் பரிசோதனையும் முடித்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்துக்கு இரண்டு ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு வருவதாக அவர் சொல்லியிருக்கிறார்.